பழைய 12 போர் இரட்டைக்குழல்: சோக்கில் கை வைக்கும் முன் அறிகுறி பார்த்துப் பழுது கண்டுபிடிக்கும் வழி

கடலூர், புதுச்சேரிப் பக்கம் தாத்தா காலத்து 12 போர் (bore, குழல் துளையின் அளவு) இரட்டைக்குழல் துப்பாக்கி உரிமத்தோடு இருக்கிற வீடுகளில் இரண்டு பேச்சு அடிக்கடி காதில் விழும். "சோக் ரொம்ப இறுக்கம், கொஞ்சம் ராவி விட்டால் சரியாகிவிடும்" என்பது ஒன்று. தோட்டாவிலிருந்து கிளம்பும் ரவை, அதாவது சின்ன ஈய உருண்டைகள், சிதறாமல் போவதற்காகக் குழலின் வாய்ப்பக்கம் உள்ளே குறுக்கியிருக்கும் இடம்தான் சோக். "குழல் நீளம் அதிகம், நாலு அங்குலம் வெட்டினால் கைக்கு லேசாக இருக்கும்" என்பது இன்னொன்று. முதலாவது சில நேரம் சரியாக இருக்கலாம். இரண்டாவதைச் செய்யவே கூடாது. எப்படியானாலும் சோக் என்பது எடுத்த இரும்பைத் திருப்பி வைக்க முடியாத இடம். அதனால் குறி தப்புகிறது, தோள் வலிக்கிறது, தோட்டா சிக்குகிறது என்று எது நடந்தாலும், முதலில் காரணத்தைப் பிடியுங்கள். பெரும்பாலும் அது சோக்கில் இருக்காது.

இந்தத் துப்பாக்கிகளின் சோக் ஏன் இறுக்கமாக இருக்கிறது என்பதற்குக் காரணம் உண்டு. பெருமாள் ஏரி, வீராணம், பாகூர், ஊசுடு என்று இந்தப் பக்கம் முழுக்க ஏரிகள். பனிக்காலத்தில் வந்து இறங்கும் வாத்துக் கூட்டத்தைத் தூரத்திலிருந்து சுடுவதுதான் அந்தக் காலத்து வேட்டை. அதற்கு ரவை சிதறாமல் நெருங்கிப் போக வேண்டும். ஆகவே 30 அங்குலக் குழல், ஒரு பக்கம் முக்கால் சோக், மறுபக்கம் முழு சோக் என்று வாங்கினார்கள். பர்மிங்காம், லியேஜ் துப்பாக்கிகளோடு, புதுச்சேரியில் பிரான்சின் செந்த் எத்தியேன் நகரில் செய்தவையும் உண்டு.

அந்த வேட்டை முடிந்துபோன கதை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இந்தியாவில் பறவை வேட்டை குற்றம். வாத்து, கொக்கு, கௌதாரி எதற்கும் விலக்குக் கிடையாது. ஊசுடு ஏரி இன்று பறவைகள் சரணாலயம். அது அப்படி ஆனதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆக, இன்று இங்கே ஒருவர் பறவைத் துப்பாக்கியின் சோக்கைத் திறக்க நினைத்தால் அது துப்பாக்கி சுடும் ரேஞ்சில் பறக்கவிடும் களிமண் தட்டைச் சுடுவதற்காக இருக்க வேண்டும். பிரான்சில் குடியேறி, அங்கே முறையான வேட்டை அனுமதியோடு காட்டுக்கோழிக்கும் வாத்துக்கும் போகிற நம் ஊர்க்காரர்களும் உண்டு. அவர்களுக்கும் கீழே சொல்வது பொருந்தும். உலோகம் எங்கேயும் ஒன்றுதான்.

எந்தச் சோதனைக்கும் முன்பு துப்பாக்கியை மடக்கி, தோட்டா வைக்கும் இரண்டு அறையும் காலியா என்று கண்ணால் பாருங்கள். குழலைக் கழற்றி வெளிச்சத்தைப் பார்த்துப் பிடித்து, உள்ளே அடைப்பு எதுவும் இல்லை என்று உறுதி செய்யுங்கள். சுட்டுப் பார்க்க வேண்டிய சோதனை எல்லாம் ரேஞ்சில்தான். தென்னந்தோப்போ சவுக்குத் தோப்போ அதற்கு இடமில்லை.

ரவை சிதறுகிறது, நடுவில் ஓட்டை விழுகிறது

முதலில் அளந்து பாருங்கள். அளக்காமல் "சிதறுகிறது" என்பது வெறும் எண்ணம்தான். நாலடிக்கு நாலடி காகிதத்தை 40 கஜம், அதாவது சுமார் 36.5 மீட்டர் தள்ளி வையுங்கள். ஒரு சுடு. ரவை அதிகம் விழுந்த இடத்தை மையமாக வைத்து 30 அங்குல விட்டத்தில் வட்டம் போட்டு, உள்ளே விழுந்த துளைகளை எண்ணுங்கள். தோட்டாவில் இருந்த மொத்த ரவையில் 70 சதவீதம் வட்டத்துக்குள் இருந்தால் முழு சோக்; 60 என்றால் அரை சோக்; 55 என்றால் கால் சோக்; 40 என்றால் சோக்கே இல்லாத நேர்க்குழல். ஒரு காகிதத்தை நம்பாதீர்கள். ஒரே தோட்டாவில் ஒவ்வொரு குழலுக்கும் ஐந்து காகிதமாவது சுட்டுச் சராசரி எடுங்கள்.

மொத்த ரவை எத்தனை என்பதில் நிறைய பேர் தடுமாறுவார்கள். ரவை நம்பர் நாட்டுக்கு நாடு வேறு. ஆங்கிலேய 6-ஆம் நம்பர் சுமார் 2.6 மி.மீ., ஒரு அவுன்ஸுக்கு 270 ரவை. பிரெஞ்சு 6 சுமார் 2.75 மி.மீ., எண்ணிக்கை அதைவிடக் குறையும். பெட்டியில் என்ன அளவு, எத்தனை கிராம் என்று பார்த்துக் கணக்குப் போடுங்கள்.

சதவீதம் சரியாக இருந்தும் வட்டத்தில் அங்கங்கே ஓட்டை தெரிந்தால், சோக்கை விட்டுவிட்டுக் குழலின் உட்சுவரைப் பாருங்கள். நம் ஊரில் இதற்கு முதல் காரணம் உப்புக்காற்று. தேவனாம்பட்டினத்திலும் வீராம்பட்டினத்திலும் சைக்கிள் செயின் என்ன ஆகிறது என்று தெரியும் அல்லவா? குழலின் உட்சுவரும் இரும்புதான். துரு அரித்த குழியில் ஈயம் ஒட்டும். அதில் உரசிப் போகிற ரவை உருண்டை வடிவம் இழந்து கோணலாகப் பறக்கும். பித்தளை அல்லது வெண்கலத் தூரிகையால் ஈயத்தை முழுக்க எடுத்துவிட்டு மறுபடி காகிதத்தில் சுட்டுப் பாருங்கள். பாதிப் புகார் இங்கேயே தீர்ந்துவிடும்.

தீரவில்லையா? தோட்டாவை மாற்றுங்கள். வேறு தயாரிப்பு, வேறு ரவை அளவு, பிளாஸ்டிக் கோப்பைத் தக்கைக்குப் பதில் நார்த் தக்கை என்று ஒவ்வொன்றாக. (தக்கை என்பது தோட்டாவுக்குள் வெடிமருந்துக்கும் ரவைக்கும் நடுவே இருப்பது.) ஒரே குழல் ஒரு தோட்டாவில் 58 சதவீதமும் இன்னொன்றில் 70-ம் காட்டுவது சாதாரணம். தோட்டாவை மாற்றுவதற்குக் கடைச் செலவு மட்டும்தான். குழலைக் குடைந்துவிட்டால் திரும்ப வழியில்லை.

எல்லாம் ஒரே கொத்தாகப் போகிறது, அருகில் உள்ள தட்டு தப்புகிறது

சோக்கைத் திறக்க நியாயமான ஒரே அறிகுறி இதுதான். ஸ்கீட் என்ற, பறக்கும் தட்டைச் சுடும் ஆட்டத்தில் தட்டைச் சுமார் இருபது மீட்டர் தூரத்தில் சுட வேண்டியிருக்கும். அந்தத் தூரத்தில் முழு சோக்கின் ரவை சுமார் 40 செ.மீ. அகலத்துக்குத்தான் விரியும். பட்டால் தட்டு பொடியாகும். படாவிட்டால் ஒரு ரவைகூடப் படாது.

இங்கேயும் முதல் படி தோட்டாதான். ரவையை வேண்டுமென்றே விரிக்கிற தோட்டாக்கள் வெளிநாட்டில் விற்கிறார்கள். நார்த் தக்கைத் தோட்டாவும் பிளாஸ்டிக் கோப்பையைவிடக் கொஞ்சம் விரித்துக் கொடுக்கும். சின்ன ரவையும் உதவும்.

அது போதாது என்றால்தான் அளவுக்கருவி. சோக் என்பது குழல் வாயின் அளவு மட்டும் அல்ல, குழலின் உள்விட்டத்துக்கும் வாயின் விட்டத்துக்கும் உள்ள வித்தியாசம். இதை மறப்பதால்தான் நாணயத்தை வாயில் நுழைத்துப் பார்த்து "முழு சோக்" என்று தீர்ப்புச் சொல்கிறார்கள். 12 போரின் பெயரளவு 18.5 மி.மீ. ஆனால் பழைய பிரெஞ்சுக் குழல்கள் பல அதைவிடக் குறுகலாகவே துளைக்கப்பட்டவை. 18.2 குழலில் 17.7 வாய் என்றால் அது அரை சோக், அதே 17.7 வாய் 18.7 குழலில் முழு சோக். வித்தியாசம் 1 மி.மீ. பக்கம் இருந்தால் முழு, முக்கால் மி.மீ. என்றால் முக்கால், அரை மி.மீ. என்றால் அரை, கால் மி.மீ. என்றால் கால் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். குழலைக் கழற்றிப் பின்பக்கம் தட்டையான இடத்தில் பாருங்கள். பல பிரெஞ்சுக் குழல்களில் உள்விட்டத்தை மி.மீ.-யில் பொறித்திருப்பார்கள். 1875 முதல் 1887 வரை இங்கிலாந்தில் சோதனை முத்திரை (குழலைச் சுட்டுச் சோதித்துத் தேறியது என்று பொறிக்கும் குறி) வாங்கிய சோக் குழல்களில் "குண்டுக்கு அல்ல" என்ற பொருளில் ஆங்கில வாசகம் இருக்கும். அது இருந்தால் அந்தக் குழல் பிறந்தபோதே சோக் உள்ளது. யாரும் இடையில் கை வைத்திருந்தால் இந்த எண்களுக்கும் இன்றைய அளவுக்கும் ஒத்துவராது. அதுவே ஒரு நல்ல தடயம்.

அளந்து, திறக்கலாம் என்று முடிவானால், உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுது பார்ப்பவர் மட்டுமே செய்ய வேண்டும். அவரிடம் கேட்க வேண்டியது இது: ஒரே தடவையில் வேண்டிய அளவுக்குக் குடையாமல், ஒரு சில நூறில் ஒரு பங்கு மி.மீ. மட்டும் எடுத்து, காகிதத்தில் சுட்டு, பிறகு மறுபடி எடுக்க வேண்டும். ஒரு குழலை மட்டும் திறந்தால் போதும். மற்றதை அப்படியே விடுங்கள். முதல் சுடுக்குத் திறந்த குழல், இரண்டாவதுக்கு இறுக்கமான குழல் என்பதுதான் இரட்டைக்குழலின் முழு அழகே.

டிரில் மெஷினில் உப்புத்தாள் சுற்றிக் குழல் வாயில் விடுகிற வழக்கம் உண்டு. தயவுசெய்து வேண்டாம். ஒரு பக்கம் அதிகம் தேய்ந்தால் ரவைக் கொத்து முழுதும் அந்தப் பக்கத்துக்கு எதிராகவோ அதை நோக்கியோ நகர்ந்துவிடும். பிறகு எத்தனை பழகினாலும் குறி பிடிக்க வராது.

மரை போட்டுக் கழற்றி மாட்டும் சோக்? அதற்குக் குழல் வாயில் போதிய சுவர்த் தடிமன் வேண்டும். பழைய இலேசான பக்கவாட்டு இரட்டைக்குழல்களில் பெரும்பாலும் அது இருக்காது.

குழலை வெட்டிவிட்டால் என்ன?

இது அறிகுறி அல்ல, கேள்வி. ஆனாலும் கேட்கிறவர் அதிகம். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் 6-ஆம் பிரிவின்படி, அதற்கென்ற உரிமம் இல்லாமல் குழலைக் குறுக்குவது குற்றம். பல ஆண்டு சிறைத் தண்டனைக்குரிய குற்றம் அது. பாதுகாப்புக்கும் விளையாட்டுக்கும் வழுவழுப்புக்குழல் துப்பாக்கி உரிமம் பற்றிப் பேசும் 13-ஆம் பிரிவிலேயே 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் என்று இருக்கிறது. சட்டத்தை ஒதுக்கிவிட்டுத் தொழிலாக மட்டும் பார்த்தாலும் வெட்டு மோசமான வேலை. சோக் முழுவதும் குழல் வாயின் கடைசிச் சில அங்குலத்தில்தான் இருக்கிறது. அதை வெட்டினால் இரண்டு குழலும் நேர்க்குழலாகிவிடும். இரண்டு குழலுக்கும் நடுவில் உள்ள பட்டை வாய்ப்பக்கம் திறந்துகொள்ளும், உள்ளே தண்ணீர் போகும், துரு பிடிக்கும். எடை குறைவதால் உதை கூடும். வேகத்தில் பெரிய மாற்றம் இருக்காது. "நீளக் குழல்தான் வேகமாகச் சுடும்" என்பது கரும்பொடி என்ற பழைய வெடிமருந்துக் காலத்து நம்பிக்கை. அது பொய்யானாலும் வெட்டுவதற்கு அது காரணமாகிவிடாது.

தோளை உடைக்கிற மாதிரி உதைக்கிறது

இதை அலட்சியமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்தப் பட்டியலில் உயிருக்கு ஆபத்தான அறிகுறிகளில் இது ஒன்று.

சுட்ட தோட்டாவின் வாயைப் பாருங்கள். விளிம்பு கிழிந்து நைந்து நீண்டிருக்கிறதா? அப்படியானால் தோட்டா அறைக்கு நீளம் போதவில்லை. பழைய பிரெஞ்சு, ஆங்கிலேயத் துப்பாக்கிகளின் அறை பெரும்பாலும் 65 மி.மீ., அதாவது இரண்டரை அங்குலம். இன்று கடையில் கிடைப்பவற்றில் 70 மி.மீ. தோட்டா அதிகம். இதில் மோசம் என்னவென்றால், 70 மி.மீ. தோட்டா 65 அறைக்குள் சிரமமில்லாமல் நுழையும். காரணம், 70 என்பது வாய் மடிப்பு விரிந்த பிறகு உள்ள நீளம். சுடும்போது மடிப்பு விரிந்து, அறைக்கு முன்னுள்ள கூம்பில் போய் முட்டும். வழி குறுகும், அழுத்தம் ஏறும், உதை கூடும், ரவை நசுங்கிச் சிதறும். "சோக் கெட்டுவிட்டது, உதையும் அதிகம்" என்று ஒருவர் இரண்டு புகாரையும் சேர்த்துச் சொன்னால் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

பொறிப்பைப் பாருங்கள்: 12-65 அல்லது 2½ என்று இருந்தால் அந்த நீளத் தோட்டா மட்டுமே. உள்நாட்டுச் சக்திமான் தோட்டா வாங்கினாலும் வெளிநாட்டுத் தோட்டா வாங்கினாலும் பெட்டியில் நீளத்தைப் படிக்காமல் வாங்காதீர்கள். அறையை நீட்டித் துளைத்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். குழலின் மிகத் தடிமனாக இருக்க வேண்டிய இடத்திலிருந்து இரும்பை எடுக்கிற வேலை அது. சோதனை முத்திரையும் அப்போதே செல்லாமல் போகும்.

குழலின் வெளிப்பக்கம் சுருள் சுருளாக, பாயில் பின்னல் தெரிவது போலக் கோடு தெரிகிறதா? பட்டையின் கீழே, குழல் அடியில் தேடுங்கள். மேல்பக்கம் தேய்ந்திருக்கும். அது டமாஸ்கஸ் குழல். இரும்பையும் எஃகையும் முறுக்கிச் சுற்றிச் செய்தது. கரும்பொடிக்காகப் பிறந்தது. இன்றைய புகையில்லாப் பொடித் தோட்டாவை, புகையில்லாப் பொடிக்கான சோதனை முத்திரை இல்லாத டமாஸ்கஸ் குழலில் போடக் கூடாது. அதை எண்ணெய் பூசி, குடும்பச் சொத்தாக வைத்துக்கொள்ளுங்கள்.

பிரான்சில் இருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 பிப்ரவரி முதல் ஈரநிலங்களில் ஈய ரவை தடை. அதற்காக எஃகு ரவையைப் பழைய குழலில் போட்டால், இறுக்கமான சோக்கில் எஃகு நசுங்காது. குழல் வாய்தான் வீங்கும். பிஸ்மத் ரவைதான் பழைய துப்பாக்கிக்கு ஏற்றது. விலை அதிகம், ஆனால் குழல் தப்பிக்கும்.

குழலில் பள்ளம், வீக்கம், அல்லது தட்டினால் மந்தமான சத்தம்

குழலைக் கழற்றி, கொக்கியில் விரலைக் கொடுத்துத் தொங்கவிட்டு, நகத்தால் தட்டுங்கள். மணி போல நீண்டு ஒலித்தால் நல்லது. "டக்" என்று நின்றால் நடுப்பட்டையின் பற்றாசு விட்டிருக்கலாம். அப்புறம் ஜன்னலை நோக்கிப் பிடித்துக் குழலின் உள்ளே பாருங்கள். ஒளி வளையங்கள் ஒழுங்காக, ஒரே மையத்தில் தெரிய வேண்டும். ஓர் இடத்தில் வளையம் நசுங்கித் தெரிந்தால் பள்ளம். சுற்றிலும் நிழல் வளையம் தெரிந்தால் வீக்கம். அடைப்போடு சுட்டால் வருவது வீக்கம். வாய்ப்பக்கம் மண், குளவிக்கூடு, மறந்துபோன துணி என்று எதுவும் போதும். பள்ளத்தைப் பழுது பார்க்கலாம். வீங்கிய இடத்தில் உலோகம் ஏற்கெனவே நீண்டு மெலிந்துவிட்டது.

இந்த இடத்தில் சுவர்த் தடிமனை அளக்கச் சொல்லுங்கள். அரை மி.மீ.-க்குக் கீழே போன குழலை ஆங்கிலேயப் பழுது பார்ப்போர் நம்புவதில்லை. துருக் குழியை மறைக்க யாராவது உள்ளே பளபளப்பாகத் தேய்த்திருந்தால் உள்விட்டம் கூடியிருக்கும், சுவர் மெலிந்திருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் புதுக்குழல் போலவே இருக்கும். ஆகவே பழையது வாங்கும்போது உள்ளே கண்ணாடி போல மின்னினால் சந்தோஷப்படுவதற்கு முன் அளக்கச் சொல்லுங்கள்.

எப்போதும் ஒரே பக்கம் தப்புகிறது

இது சோக் அல்ல, தோளில் வைக்கும் கட்டையும் கண்ணும். கண்ணை மூடித் துப்பாக்கியைத் தோளில் ஏற்றிக் கன்னத்தை வைத்துவிட்டுக் கண்ணைத் திறங்கள். குழல் மேல்பட்டை முழுவதும் தெரிந்தால் கட்டை உயரம் அதிகம், ரவை மேலே போகும். பூட்டின் (குழலுக்குப் பின்னுள்ள இயங்கு பகுதியின்) பின்புறம் மட்டும் தெரிந்தால் உயரம் குறைவு. தாத்தாவின் உடம்புக்குச் செய்த கட்டை பேரனுக்கு ஒத்துவராமல் போவது இயல்பு. கட்டைக்கு அடியில் ரப்பர் பட்டை போடுவது, கன்னம் படும் இடத்தை உயர்த்துவது என்று எல்லாம் சுலபமாகத் திருத்தலாம்.

கண்ணுக்குச் சோதனை: இரண்டு கண்ணும் திறந்தபடி தூரத்து விளக்குக் கம்பத்தை விரலால் சுட்டிக் காட்டி, ஒரு கண்ணை மூடுங்கள். விரல் நகரவில்லை என்றால் திறந்திருக்கிற கண்தான் உங்கள் வலுவான கண். வலது தோளில் வைத்துச் சுடுகிறவருக்கு இடது கண் வலுவாக இருந்தால் ரவை இடது பக்கம்தான் போகும். எந்தப் பழுது பார்ப்பவராலும் இதைக் குழலில் சரிசெய்ய முடியாது.

மூடும்போது ஆடுகிறது, அல்லது ஒரு விசைக்கு இரண்டும் வெடிக்கிறது

முன்கட்டையைக் கழற்றிவிட்டு மூடிய துப்பாக்கியை இலேசாக ஆட்டுங்கள். குழலுக்கும் பின்முகத்துக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தால் தேய்ந்திருக்கிறது, சுடாதீர்கள். இரண்டு குழலும் ஒன்றாக வெடித்தால், சுத்தியலைப் பிடித்து நிறுத்தும் விசைப்பிடி தேய்ந்ததுதான் பெரும்பாலும் காரணம். அன்றே துப்பாக்கியை மூடி வையுங்கள். இதற்கு வீட்டில் செய்ய எதுவும் இல்லை.

தோட்டா வெளியே வர மறுக்கிறது, சில சமயம் வெடிப்பதே இல்லை

அறையில் துரு, அல்லது பழைய எண்ணெய் கெட்டியாகிப் பிசின் ஆனது. வெடிக்காத தோட்டாவின் அடியில் உள்ள வெடிமூடியைப் பாருங்கள். ஊசி அடித்த குழி ஆழமில்லாமல் இருந்தால் ஊசியோ ஸ்பிரிங்கோ துருவில் மாட்டியிருக்கிறது. வெடிக்கவில்லை என்றால் வாயைப் பாதுகாப்பான பக்கம் வைத்து அரை நிமிடமாவது காத்திருந்து பிறகு திறங்கள்.

இந்தப் பழுது நம் பக்கம் இரண்டு காலத்தில் அதிகம் தெரியும். ஒன்று ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு. இன்னொன்று தேர்தலுக்குப் பிறகு. தேர்தல் நேரத்தில் உரிமத் துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ உரிமக் கடையிலோ ஒப்படைக்கச் சொல்வார்கள். சில வாரம், சில மாதம்கூட அது ஈரக்காற்று படும் அறையில் இருக்கும். கொடுப்பதற்கு முன் குழலுக்குள் நல்ல எண்ணெயை மெல்லிய படலமாக விட்டு, பூட்டின் இடுக்கிலும் ஒரு சொட்டு விட்டுக் கொடுங்கள். துணி உறையில் கொடுக்காதீர்கள். துணி ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். திரும்பி வந்த அன்றே எண்ணெயைத் துடைத்துக் குழலைப் பாருங்கள். எண்ணெய் இருந்தபடியே சுடக் கூடாது.

பழுது பார்க்கக் கொடுக்கும்போது துப்பாக்கியோடு ஒரு காகிதம் கொடுங்கள். அதில் தோட்டாவின் பெயர், நீளம், ரவை அளவு, சுட்ட தூரம், ஒவ்வொரு குழலின் சராசரிச் சதவீதம் இருக்கட்டும். சுட்ட காகிதங்களையும் சுருட்டிக் கொடுங்கள். வேலை முடிந்ததும் உள்விட்டம், வாய் விட்டம், மெலிந்த இடத்தின் சுவர்த் தடிமன் மூன்றையும் எழுதி வாங்கி உரிமப் புத்தகத்தோடு வையுங்கள். அதே தோட்டாவில், அதே தூரத்தில், மறுபடி ஐந்து காகிதம் சுட்டுப் பழைய எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.